நேர்த்தி வெண்ணெய்

சென்னியப்பன் லாரியை வாசலில் நிறுத்தி, கதவைக்கூடச் சாத்தாமல் இறங்கி வந்த வேகத்திலேயே சௌந்திரத்துக்குத் தெரிந்துவிட்டது, மனுஷனுக்கு ஏதோ அகப்பட்டிருக்கிறது என்று. கையில் இருந்தது ஒரு காகிதம். நாமக்கல்லில் அவள் ரத்தத்தைச் சோதித்துக் கொடுத்த சீட்டு.

“அக்கா, இங்க வா!” என்று அவன் முதலில் கூப்பிட்டது தாலி கட்டினவளை அல்ல, தன் அக்கா ஆத்தாயியை. நோய் யாருக்கு, ரத்தம் யாருடையது? அதெல்லாம் அவனுக்கு எதற்கு!

ஆத்தாயி மாட்டுக்கட்டுத்தரையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். சென்னியப்பன் காகிதத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தான்.

“முன்னூத்திப் பன்னெண்டு! இவ ரத்தத்துல கொழுப்பு முன்னூத்திப் பன்னெண்டு இருக்குதாம். இருநூத்தம்பதைத் தாண்டப்படாதாம். நெய்யி, வெண்ணெய் சாஸ்தியாத் தின்னா இப்படித்தான் ஏறுமுன்னு லேபுக்காரன் சொல்றான். இப்பத் தெரியுதா வெண்ணெய் எங்க போச்சுன்னு?”

சௌந்திரத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நாலு நாளாக அந்த வீட்டில் வெண்ணெய் எங்கே போயிற்று என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. இப்போது அந்தப் பேச்சுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. அவள் உடம்பிலிருந்து உறிஞ்சிய ரத்தமே அவளுக்கு எதிர்ச்சாட்சி!

வெண்ணெய்க் கதை இதுதான். அந்த எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் ஓமலூர் பக்கம் சென்னியப்பனின் லாரி பள்ளத்தில் சாய்ந்தது. கண்ணாடி நொறுங்கியும் அவனுக்கு ஒரு கீறல் இல்லை. அந்த இடத்திலேயே, நாமக்கல் ஆஞ்சநேயருக்கு எங்கள் எருமை வெண்ணெயில் காப்புச் சாத்துகிறேன் என்று நேர்ந்துகொண்டான். நேர்ந்துகொண்டது அவன், கடைந்தது அவள். ஆனி மாதம் எட்டு நாள், விடிந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டு ஈரச்சேலையோடு உட்கார்ந்து கடைந்தாள். நேர்த்தி வெண்ணெய் என்றால் சும்மாவா? வழித்த விரலை நாக்கில் வைக்கக்கூடாது. கையை அரப்புப் போட்டுக் கழுவ வேண்டும். உருண்டைகளைச் சாமி அறையில் மண்சட்டித் தண்ணீரில் போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் மாற்ற வேண்டும். அத்தனையும் செய்து, வெள்ளிக்கிழமை சாயந்திரம் நிறுத்துப் பார்த்தால் ஐந்து கிலோ இருக்க வேண்டிய இடத்தில் நாலுதான் தேறியது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. சனிக்கிழமைக் காப்பு நின்றுபோனது.

கடைந்தவள் யார்? சௌந்திரம். சட்டிக்குத் தண்ணீர் மாற்றியவள் யார்? சௌந்திரம். ஆக, தின்றவள் யார்? இப்படித்தான் அந்த வீட்டில் கணக்குப் போட்டார்கள்.

அந்த உடம்பைப் பார்த்தாலும் சொல்வதற்குத் தோதாகத்தான் இருந்தது. இரண்டு வருஷமாக அவள் ஊதிக்கொண்டே போனாள். சோறு முன்னைக்குப் பாதிதான் இறங்கியது, ஆனாலும் முகம் உப்பியது, வளையல் ஏறவில்லை. சீப்பில் கொத்துக்கொத்தாக முடி. ஊரே விசிறிக்கொண்டு கிடந்த கத்திரி வெயிலில் இவளுக்குப் போர்வை வேண்டியிருந்தது. தொண்டை கட்டிக் குரல் ஆம்பளைக் குரலாகியிருந்தது. ஒரு குடம் தண்ணீர் சேந்துவதற்குள் கை இற்றுப்போகும். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ‘கொழுப்பெடுத்துப் போச்சு, வேலைக்கு வளையறதில்ல’ என்று ஆத்தாயி ஒறம்பரை வந்த சொந்தக்காரர்களிடம் சொன்னதை இவளே காதால் கேட்டிருக்கிறாள். போன வாரம் கிணற்றுமேட்டில் தலை சுற்றி விழுந்த பிறகுதான் சென்னியப்பன் நாமக்கல்லுக்குக் கூட்டிப்போனான். டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். அந்தச் சீட்டைத்தான் இன்றைக்கு அவன் தனியாகப் போய் வாங்கி வந்திருக்கிறான்.

“என்ற நாக்குல ஒரு துளி பட்டிருந்தா இந்த நாக்கு அழுகிப் போகட்டும்,” என்றாள் சௌந்திரம். “எட்டு நாளு கடைஞ்சவளுக்கு ஒரு வாய் மோருகூட நீங்க குடிக்கச் சொல்லலியே, நான் குடிச்சனா?”

“நீ சொல்றதை நம்பறதா, டாக்டரு சீட்டை நம்பறதா?”

ஆத்தாயி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். “நான் ஒண்ணும் சொல்லலப்பா,” என்றாள். “ரத்தமே சொல்லுதுன்னா, அதுக்கு மேல நாம என்னத்தச் சொல்ல.”

“சாமி வெண்ணெய்யைத் தின்னுபோட்டு, டாக்டருகிட்டப் போயி எனக்கு மேலுக்கு முடியிலைன்னா எப்படித் தீரும்?” என்றான் சென்னியப்பன். “தின்னேன்னு ஒத்துக்க. இல்லாட்டி ஆடி அமாவாசைக்குக் கருப்பணார் கோயில்ல சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ணு. அதுவரைக்கும் ஆசுபத்திரியும் கெடையாது, ஊசியும் கெடையாது.”

அடப் பாவி! பதினெட்டு வருஷம் ஒரே அடுப்பில் வெந்த சோற்றைத் தின்ற மனுஷன் பேசுகிற பேச்சா இது? சௌந்திரம் அன்று முழுக்க அடுப்பு ஊதினாள், பாத்திரம் தேய்த்தாள், ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாததற்குக் காரணம் பயம் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவளுக்குள் கொதித்த கொதியில் பருப்பே வெந்திருக்கும்.

அவள் பிறந்த ஊர் மேச்சேரி. கல்யாணத்தில் சீராக வந்த ஒரு செம்மறி பெருகிப் பட்டியில் ஏழு உருப்படி நின்றது. அவற்றை விற்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. மறுநாள் சென்னியப்பன் லோடு ஏற்றிக்கொண்டு பெங்களூர் கிளம்பியதும், ஆட்டு வியாபாரியைக் கூப்பிட்டு ஒரு கெடாயைப் பிடித்துக் கொடுத்தாள். ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“எங்க புள்ளே கெளம்பிட்டே?” என்று நாத்தனார் ஆத்தாயி கேட்டாள்.

“எனக்கு முடியில நங்கை. டாக்டரைப் பாத்துட்டு வாரேன்.”

“அவன் வேண்டான்னு சொன்னானே.”

“அவருக்கா முடியில? எனக்குத்தானே முடியில?” என்று பஸ் ஏறிவிட்டாள்.

நாமக்கல்லில் டாக்டர் தெய்வநாயகி அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வியே அவளைச் சுட்டது.

“ஏம்மா, உடனே வரச் சொல்லி அந்தச் சீட்டு மேலயே எழுதியிருந்தேனே. உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?”

சொல்லவில்லை. முன்னூற்றுப் பன்னிரண்டைப் படிக்கத் தெரிந்த கண்ணுக்கு, மேலே எழுதியிருந்த ஒரு வரி தெரியவில்லை. சௌந்திரம் பல்லைக் கடித்துக்கொண்டு, வெண்ணெய்க் கதையை ஒன்றுவிடாமல் சொன்னாள். டாக்டர் சிரிப்பார் என்று பயந்தாள். அவர் சிரிக்கவில்லை. அவளை ஒரு நாற்காலியில் மண்டியிடச் சொல்லி, குதிகாலுக்கு மேல் சின்ன ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் வெடுக்கென்று துள்ளியது. ஆனால் திரும்பிப் பழைய இடத்துக்கு வர அவசரமே காட்டவில்லை, ஆடி அசைந்து வந்தது. டாக்டர் இன்னொரு தடவை தட்டினார். கழுத்தைத் தடவிப் பார்த்து, எச்சில் விழுங்கச் சொன்னார்.

“இங்க தைராய்டுன்னு ஒரு சுரப்பி இருக்கும்மா. உடம்புல எல்லா வேலையும் எவ்வளவு வேகமா நடக்கணும்னு அதுதான் பாத்துக்குது. அது மந்தமாயிட்டா எல்லாமே மந்தம். குளிரும், முகம் உப்பும், முடி கொட்டும், எழுந்திருக்க முடியாது. ரத்தத்துல இருக்கற கொழுப்பைக் கல்லீரல் இழுத்துக் கழிக்கணும் இல்லையா? அந்த வேலையும் மந்தமாகும். நீங்க வெண்ணெயைக் கண்ணால பாக்காட்டியும் கொழுப்பு ஏறும்.”

“திங்காமயே ஏறுமுங்களா?”

“திங்காமயே ஏறும். சும்மா ஊகத்துல சொல்லக்கூடாது. ரத்தம் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பறேன். பத்து நாள் கழிச்சு வாங்க.”

திங்காமயே ஏறும்! அந்த இரண்டு வார்த்தையைச் சௌந்திரம் பஸ்ஸில் வழி நெடுகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். இரண்டு வருஷமாகத் தன்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டவள் அவள். மற்றவர்கள் சொன்னதைவிட அதை நினைத்தபோதுதான் அவளுக்கு அழுகை வந்தது. பக்கத்து சீட்டுக்காரி என்ன ஏது என்று கேட்டாள். கண்ணில் தூசி என்று சொல்லிவிட்டாள்.

பத்து நாள் கழித்து மெட்ராஸ் சீட்டு வந்திருந்தது. டாக்டர் அதை விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். சுரப்பி சுரப்பது அப்படியொன்றும் அடிமட்டத்துக்குப் போகவில்லை, விளிம்பில் நிற்கிறது. ஆனால் ‘சுர, சுர’ என்று மூளையடியிலிருந்து அதை விரட்டுகிற சுரப்பு மூன்று பங்காக ஏறியிருக்கிறது. நோய் லேசான கட்டத்தில்தான் இருக்கிறது.

“லேசுங்களா?” சௌந்திரத்துக்குச் சுருக்கென்றது. “ரெண்டு வருசமா எந்திரிக்க முடியாமக் கெடக்கறேன், லேசுங்கறீங்களே!”

“காகிதத்துலதாம்மா லேசு. படறவங்களுக்கு லேசு இல்ல,” என்றார் டாக்டர். “உங்க ரத்தத்துல அழற்சி அளவும் கொஞ்சம் கூடியிருக்கு. சுரப்பியே உள்ளுக்குள்ள அழன்று கெட்டுப்போற வகை ஒண்ணு இருக்கு, அதுவா இருக்கலாம். இதாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கொழுப்பும் ஏறி, அழற்சியும் இருந்தா, நாளைக்கு நெஞ்சு ரத்தக்குழாய்க்கு நல்லதில்ல. காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை. அரை மணி நேரத்துக்குக் காப்பித்தண்ணிகூடக் கூடாது. மூணு மாசம் கழிச்சுப் பாக்கலாம்.”

சென்னியப்பன் அன்றைக்கு வீட்டில் இருந்தான். சௌந்திரம் மெட்ராஸ் சீட்டை அவன் முன்னால் வைத்து, டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். திங்காமயே ஏறும் என்பதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“அது சரி,” என்றான் கடைசியில். “அப்ப வெண்ணெய் எங்க போச்சு?”

பெண்டாட்டிக்கு நோய் என்று மெட்ராஸிலிருந்து எழுத்து வந்திருக்கிறது. மனுஷனுக்கு வெண்ணெய்! சௌந்திரத்துக்கு அந்த நிமிஷம் அந்தச் சட்டியை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது.

“சரிங்க. ரத்தம் சாட்சி சொல்லுமுன்னு சொன்னது நீங்கதானே? இந்த ஊட்டுல இருக்கறது மூணு பேரு. புள்ள திருச்செங்கோட்டு ஹாஸ்டல்ல இருக்குது, அவளை உடுங்க. என்ற ரத்தம் பேசிருச்சு. நீங்களும் நங்கையும் ரத்தம் குடுங்க. அதுகளும் பேசட்டும்.”

சென்னியப்பன் முறைத்தான். ஆனால் ஆத்தாயி, எல்லோரும் ஆச்சரியப்படும்படி, “குடுத்தாப் போச்சு! எனக்கென்ன பயம்?” என்றாள். முருங்கைக்குச்சி மாதிரி இருப்பாள் அவள். “எங்க வேணாலும் குத்திப் பாக்கட்டும். ஒரு வாய் வெண்ணெய் தின்னவ இல்ல நானு.”

அக்காளே சொன்ன பிறகு தம்பி பின்வாங்க முடியுமா? மறுநாளே லாரியில் போய்க் கையை நீட்டிவிட்டு வந்தார்கள். சீட்டு வந்தது. சென்னியப்பனுக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு. ஆத்தாயிக்கு நூற்று அறுபத்தெட்டு. ஆத்தாயி அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பக்கத்துத் தோட்டத்துக்காரிகளை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். “சுத்தமான ரத்தமாம்!” என்றாள். சென்னியப்பன் சௌந்திரத்தைப் பார்த்து, “இன்னும் என்ன வேணும்? அமாவாசைக்குச் சூடம் வாங்கி வெச்சாச்சு,” என்றான்.

ஆடி அமாவாசை உச்சிப்பூசைக்குக் கருப்பணார் கோயிலில் ஊர் கூடியிருந்தது. ஆடிக்காற்று மண்ணை வாரி இறைத்தது. சௌந்திரம் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். மாத்திரை தொடங்கி நாலைந்து நாள்தான் ஆகியிருந்தது. குளிர் விடவில்லை, கால் கடுத்தது. பூசாரி சின்னுசாமி காற்றுக்குக் கையால் தடுத்து, தட்டில் சூடத்தைக் கொளுத்தினார்.

“வாம்மா சௌந்திரம். நேர்த்தி வெண்ணெய்யை நான் எடுக்கலைன்னு சொல்லி அணை.”

“அணைக்கறனுங்க. ஆனா நான் கடைசியா அணைக்கறேன். வெண்ணெய் இருந்தது ஒரு ஊட்டுல. அங்க மூணு பேரு இருக்கறோம். மூணு பேரும் அணைக்கோணும். சுத்தமான ரத்தக்காரங்களுக்குச் சூடம் சுட்டுருமா? மூத்தவங்க முதல்ல வரட்டும்.”

கூட்டத்தில் சலசலப்பு. நியாயம்தானே என்று யாரோ சொன்னார்கள். பூசாரியும் தலையாட்டிவிட்டு ஆத்தாயியைப் பார்த்தார். ஆத்தாயி முன்னால் வந்தாள், நடையில் தயக்கம் இல்லை. தட்டுக்கு நேரே கையைத் தூக்கினாள்.

“சாமீ, கருப்பணாரே! நான் அந்த வெண்ணெய்யில ஒரு துளி திங்கல!”

“எடுக்கலைன்னு சொல்லுங்க நங்கை,” என்றாள் சௌந்திரம்.

தூக்கிய கை தூக்கியபடி நின்றது. ஆத்தாயி வாயைத் திறந்தாள், மூடினாள். சூடம் புகைந்து எரிந்தது. அப்போதுதான் சௌந்திரத்துக்கு ஞாபகம் வந்தது. அந்த எட்டு நாளில் ஒரு நாள், ஆத்தாயி தன் மகள் வசந்தாமணியின் பிள்ளையைப் பார்க்கப் பனமரத்துப்பட்டிக்குப் போனாள். கையில் தூக்குப்போசி இருந்தது. அதன் வாய்க்கு வாழையிலை வைத்துக் கட்டியிருந்தது.

சூடம் தானாக எரிந்து அணைந்தது. ஆத்தாயி அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

“புள்ள பெத்தவளைப் பாக்க வெறுங்கையோட வந்துட்டேன்னு சம்பந்திக்காரி போன தடவை மூஞ்சில அடிச்ச மாதிரி கேட்டுப்போட்டா,” என்று அழுதாள். “ஒரு கிலோ தானே, தெரியாதுன்னு எடுத்துட்டேன். நான் திங்கல சாமி, நான் திங்கல.”

சௌந்திரத்துக்கு அவளை அடிக்கவும் தோன்றியது, தூக்கி உட்கார வைக்கவும் தோன்றியது. “கேட்டிருந்தா நானே ஒரு நாள் கூடக் கடைஞ்சு குடுத்திருப்பனே நங்கை,” என்றாள். “முன்னூத்திப் பன்னெண்டுன்னு அவரு கத்தினப்ப, தெரிஞ்சுக்கிட்டே பேசாம நின்னீங்களே. அதை எந்த மோருல கழுவறது?”

சென்னியப்பன் சுற்றும் முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தான். “சரி சரி, வா ஊட்டுக்குப் போலாம். ஊட்டு விசயம் ஊட்டோட இருக்கட்டும். ஊருக்கு முன்னால என்னத்துக்கு?”

அவ்வளவுதான். மாசக்கணக்கில் அடைத்திருந்தது உடைந்தது. கட்டியிருந்த குரல்தான், ஆனாலும் கோயில் மதில் வரைக்கும் கேட்டது.

“நான் திருடின்னு நெனச்சப்ப ஊருக்கு முன்னால. உங்க அக்கான்னு தெரிஞ்சதும் ஊட்டு விசயமா? என்னைக் கூட்டியாந்து இங்க நிறுத்தினது ஆரு? டாக்டரு உடனே வரச் சொல்லி எழுதினதை மறைச்சது ஆரு? நான் செத்திருந்தாலும் வெண்ணெய் தின்னு செத்தான்னுதானே எழவு சொல்லி உட்டிருப்பீங்க? எனக்கு நோவுங்க! கேட்டுக்கங்க எல்லாரும். கழுத்துல ஒரு சுரப்பி கெட்டுப்போச்சு. திங்காமயே கொழுப்பு ஏறுற நோவு. சோம்பேறித்தனமுமில்ல, திருட்டுமில்ல. நோவு!”

பூசாரி இரண்டாவது சூடத்தை எடுக்கப் போனார். “வேண்டாமுங்க,” என்றாள் சௌந்திரம். “நான் எதுக்குச் சத்தியம் பண்ணோணும்?” என்று சொல்லிவிட்டு, ஒருத்தருக்காகவும் காத்திருக்காமல் வீட்டுக்கு நடந்தாள். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கவேண்டியிருந்தது. உட்கார்ந்தாள். யார் பார்த்தால் என்ன?

மறுநாள் காலையில் அவள் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் ஆகட்டும் என்று வாசல் வெயிலில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். சென்னியப்பன் குளித்துவிட்டு, நெற்றியில் விபூதியோடு வந்து பக்கத்தில் நின்றான். மன்னிச்சுக்க என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. வேறொன்று வந்தது.

“சாமி காரியத்தைப் பாதியில உடப்படாது. தயிரு ஒறைஞ்சிருக்குது. இன்னைக்கே தொடங்குனா அடுத்த சனிக்கிழமைக்குக் காப்புச் சாத்திப்போடலாம். என்ன சொல்றே?”

“நேந்தது ஆருங்க?”

“நான்தான்.”

“மத்தும் கயிறும் தூணோரம் இருக்குது. தலைக்கு ஊத்தியாச்சல்ல, உக்காந்து கடையுங்க. நான் வெண்ணெய்ச் சட்டிகிட்ட வரமாட்டேன். எனக்குத்தான் ரத்தத்துல முன்னூத்திப் பன்னெண்டு இருக்குதே.”

அவன் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினான். உள்ளேயிருந்து ஆத்தாயி, “நான் கடையறனே,” என்று மெல்லச் சொன்னாள். சௌந்திரம் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சு அங்கேயே நின்றது.

சென்னியப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். ஏழு டன் லாரியை ஏற்காட்டு மலையில் ஒற்றைக் கையால் திருப்புகிறவன், முதல் இழுப்பில் பானையைச் சாய்த்தான். தயிர் நெஞ்சில் தெறித்தது. இரண்டாவது இழுப்பில் கயிறு சிக்கிக்கொண்டது. கால் மணி நேரத்தில் தோள் இற்று, வேர்வை விபூதியைக் கரைத்தது. தயிர் தயிராகவே இருந்தது.

“ஏ புள்ளே, இதை எந்நேரம் வரைக்கும் கடையோணும்?” என்றான் மூச்சு வாங்க.

சௌந்திரம் அரை மணி நேரம் ஆகிவிட்டதா என்று உள்ளே கடிகாரத்தை எட்டிப் பார்த்தாள். ஆகியிருந்தது. காப்பி போட எழுந்தாள், ஒரே ஒரு டம்ளர்.

“வெண்ணெய் வர்ற வரைக்கும்,” என்றாள்.